பனிக்கண்ணியின் வேர்

அறுநூற்றுப் பதினான்காம் தலைமுறையில் பனிக்கண்ணி மறுபடியும் பழுத்துச் செத்தது. ஊழிப்பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற சகாயமேரி, செத்த செடியை விட்டுவிட்டுப் பக்கத்துப் பெட்டியைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அங்கே கோமதிநாயகத்தின் பாறைச்சாமந்தி, அதே வெப்பத்தில், கல்யாண வீடு மாதிரி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

ஊழிப்பெட்டி என்பது ஆளுயர எஃகுப் பெட்டி. உள்ளே ஒரு நாளில் நூறு தலைமுறை முளைத்து, பூத்து, விதைத்து, மடியும். வெப்பத்தை இன்றைய மலை வெயிலுக்கு மேல் டிகிரி டிகிரியாக ஏற்றினால், தாங்குகிற செடியின் விதை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போகும். மலை பல ஆயிரம் ஆண்டுகள் மெனக்கெட்டுச் செய்வதைப் பெட்டி சில வாரங்களில் முடித்துவிடும். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வெயில் ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏற ஏற, நீலகிரியின் குளிர்ச் செடிகளும் அதற்கு முன்னால் ஏறி ஏறி, கடைசியில் உச்சிக்கு வந்துவிட்டன. அதற்கு மேல் மலை இல்லை.

உச்சியில் மிஞ்சியது ஒரு கபடிக் களம் அளவு புல்வெளி. அங்குள்ள சிகர ஆய்வு நிலையத்தில் மிஞ்சியவை இரண்டு இனங்கள். இடமோ ஒன்றுக்குத்தான் போதும். எது வெப்பத்தை நன்றாகத் தாங்குகிறதோ அதை நடுவது, மற்றதை விதையாக உறைபேழையில் வைத்து மூடுவது என்று குழு சொல்லிவிட்டது. உறைபேழைக்குள் போன விதை எதுவும் இதுவரை வெளியே வந்ததில்லை.

சகாயமேரி பதினோரு வருடமாகப் பனிக்கண்ணியோடு இருக்கிறாள். அதன் கடைசிச் சரிவில் முழங்காலால் ஊர்ந்து விதை பொறுக்கியவள் அவள்தான். சாமந்தியை வளர்க்கும் கோமதிநாயகம் நிலையத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"அக்கா, டீ ஆறிரும்," என்று பக்கத்தில் வந்து நின்றான். "நம்ம சாமந்தி மூணு டிகிரி தாண்டிட்டு. நான் ஒண்ணும் பண்ணலக்கா, அதுவா வருது."

"நல்லா இருக்கட்டும்," என்றாள்.

அவன் நல்லவன் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கெட்டவனாக இருந்தால் மனசுக்குள் திட்டித் தீர்த்திருக்கலாம். இவனோ டீயையும் கொடுத்து, சர்க்கரை போதுமா என்றும் கேட்கிறான். அதுவா வருதாமே! அவளுக்குப் பதினோரு வருடமாக எதுவும் அதுவாக வரவில்லை. அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த டீயைக் குடித்தும் தொலைத்தாள்.

எதை நடுவது என்று குழு வந்து தேர்வு செய்ய மூன்று வாரம் இருந்தது. அன்று மத்தியானம் கோமதிநாயகம் சாப்பிடக் கீழே இறங்கினான். விதை டப்பாவை வழக்கம்போல மேசை மேல் திறந்தே போட்டுவிட்டுப் போயிருந்தான். முதல் ராங்க் வாங்குகிற பிள்ளை எந்த டியூஷனில் இருக்கிறதோ, அதே டியூஷனில் தன் பிள்ளையையும் கொண்டுபோய்த் தள்ளுவார்களே ஊரில், அந்தக் காரியத்தைத்தான் சகாயமேரி செய்தாள். ஒரு பெட்டியில் ஓர் இனம் என்பது நிலையத்தின் முதல் விதி. அவள் ஏழு சாமந்தி விதைகளைக் கிள்ளி எடுத்துத் தன் பெட்டியில் தூவினாள். போட்டிக்கு ஆள் இருந்தால் பனிக்கண்ணிக்கு ரோஷம் வரும் என்று நினைப்பு. செடிக்கு ரோஷம் வராது என்பது தாவரவியல் படித்தவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். எரிகிற வயிற்றுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

ஆச்சரியம், வேலை செய்தது. ஒன்பதாம் நாள் பனிக்கண்ணி இரண்டு டிகிரியைத் தாண்டியது. பதினைந்தாம் நாள் மூன்றரையில் நின்றுகொண்டு பெட்டி முழுக்க நீலமாகப் பூத்தது. நடுவில் நின்ற சாமந்திகள் நோஞ்சானாக வாடிக் கிடந்தன. "கிடந்து சாகு," என்று அவற்றிடம் சந்தோஷமாகச் சொன்னாள். தேர்வுக்கு முதல் நாள் பெட்டியின் ஓட்டத்தை நிறுத்தி, உள்ளே கையை விட்டு, ஒரு மஞ்சள் பூ விடாமல் கிள்ளி எறிந்தாள்.

குழு வந்தது, பார்த்தது, வாய் பிளந்தது. உச்சி பனிக்கண்ணிக்கு என்று முடிவாயிற்று.

"மனசார சொல்லுதேன்க்கா, உங்க உழைப்புக்குக் கிடைச்சது," என்றான் கோமதிநாயகம். அப்போதும் அவன் முகத்தில் ஒரு கசப்பாவது தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

உச்சியில் விதைத்தார்கள். முளை வந்தது, இரண்டு இலை விட்டது. நான்காவது வாரம் வரிசை வரிசையாகத் தலை சாய்ந்தது. நீர் போதவில்லையா, மண் சரியில்லையா என்று அலைந்த சகாயமேரி, கடைசியில் ஒன்றைப் பிடுங்கிக் கழுவி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். வேர் நெடுக மிளகு போலச் சின்னச் சின்ன உறிஞ்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சந்தன மரம் பக்கத்து மரத்தின் வேரைப் பிடித்துக் குடிக்குமே, அதே வகை உறிஞ்சிகள். பிடிக்க எதுவும் கிடைக்காமல் வெறும் மண்ணில் கிடந்தன.

பனிக்கண்ணி வெப்பம் தாங்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. தாங்கத் தெரிந்தவனின் வேரைக் கடித்துப் பிழைக்கக் கற்றுக்கொண்டது. ஆயிரத்து ஐந்நூறு தலைமுறையாக அதற்கு அவள் கொடுத்த ஒரே பாடம் அதுதான்.

கோமதிநாயகம் அந்த நேரம் சாமந்தி விதைகளை உறைபேழைக்கு அனுப்பப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான். வண்டி வாசலில் நின்றது. சொல்லாவிட்டால் சாமந்தி போய்விடும், பனிக்கண்ணியும் இந்த வாரத்தோடு சரி. சொன்னால் மானம் போகும்.

"நாயகம், கட்டாத," என்றாள். "உன் டப்பாவுலருந்து ஏழு விதை திருடினேன். என் பெட்டில போட்டேன். உன் செடி இல்லாம என்னோடது பொழைக்காது."

வேர்களைக் காட்டினாள். அவன் உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தான். பிறகு பொட்டலத்தை அவிழ்த்தான்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லாக்கா," என்றான்.

அவன் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

குழு கூடியது, கத்துவதை அது பார்த்துக்கொண்டது. உச்சி இப்போது பாறைச்சாமந்திக்குப் போனது. ஆறு சாமந்திக்கு ஒன்று என்ற கணக்கில் அதன் காலடியில் பனிக்கண்ணி இருக்கலாம். அதற்கு மேல் கூடினால் சாமந்தி வாடும், சாமந்தி வாடினால் இரண்டும் போகும். சாமந்தி ஜெயித்துவிட்டதால் கோமதிநாயகத்தை, இன்னொரு செடியைக் காப்பாற்ற, வேறு மலைக்கு அனுப்பினார்கள். அவனுடைய சாமந்தியைக் காக்கும் பொறுப்பைச் சகாயமேரிக்குக் கொடுத்தார்கள். இவளைவிட அக்கறையாக யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று குழுத் தலைவர் சொன்னது கிண்டலா என்று யாருக்கும் தெரியாது.

தினமும் காலையில் அவள் உச்சிக்குப் போகிறாள். ஒரு சாமந்தி இலை சுருண்டால்கூட அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அவை பூக்கும்போது அவன் முகம் நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது, எரிந்தபடியே நீர் ஊற்றுகிறாள். பனிக்கண்ணி எமகாதகச் செடி. நிழலும் தீனியும் கிடைத்ததும் வாரத்துக்கு நூறு முளை விடுகிறது. கூடுதலாக வந்ததையெல்லாம் அவளே உட்கார்ந்து பிடுங்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் குன்னூரிலிருந்து மலை பார்க்க வந்த ஒரு அம்மாள் வேலிக்கு வெளியே நின்று பதறினாள்.

"என்னம்மா இது, இவ்ளோ அழகா நீலப் பூ. அதப் போய்ப் புடுங்கறீங்களே."

சகாயமேரி வேரிலிருந்த மண்ணை உதறினாள்.

"இது களைங்க," என்றாள். "விட்டா அந்த நல்ல செடியக் கெடுத்துடும்."