திரும்பலாமுங்களா?

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. போர்வையைக் காலோடு சேர்த்து இழுத்துக்கொள்ளுங்க. ஆஸ்பத்திரியில் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வந்தவன் கதை சொல்கிறேன்.

தொண்டாமுத்தூர்த் தமிழ்ச்செல்வன் தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், தொண்ணூற்று நாலில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருதரம் அவனைப் புரட்டிப் படுக்கவைப்பது நர்ஸ் செவ்வந்தியின் வேலை. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள்.

“திரும்பலாமுங்களா?”

“தோசையாட்டம் பொரட்டறீங்களே, அம்மணி.”

“கருகாம நான் பாத்துக்கறனுங்க!”

எட்டு மாதத்தில் சிரிப்பு காதலானது. தையில் கண்ணாலம் என்றான்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவள் கையைப் பிடித்து, “வாரேன் அம்மணி,” என்றான். ஆஸ்பத்திரியை விட்டுப் போகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சொன்னால் மறுபடி அந்தக் கட்டிலுக்கே வரவேண்டியிருக்கும் என்ற பயம். அந்தப் பயத்தையும் மீறிச் சொன்னானே என்றுதான் செவ்வந்தி நம்பினாள்.

தையில் அவன் மாமன் மகள் செல்லாத்தாளைக் கட்டிக்கொண்டான்.

மாசியில் ஒரு மத்தியானம் செல்லாத்தாள் உள்ளே வந்தாள். “ஏனுங்க, யாரோ நர்சம்மா வந்திருக்காங்க.”

“நான் ஊட்டுல இல்லைன்னு சொல்லிப்போடு.”

வாசல்வரை கேட்டது அவன் குரல்.

“எந்திரிக்க முடியாத மனுசன் எங்கீங்க போயிருப்பாரு?” வெளியே செவ்வந்தி மெல்லச் சிரித்தாள். “சரிங்க. நான் வாரேனுங்க.”

அவள் திரும்பிப்போன பஸ் வழியில் கவிழ்ந்தது. செத்தது அவள் ஒருத்திதான்.

மூன்றாம் நாள், வெயில் கொளுத்தும் இரண்டு மணி. செல்லாத்தாள் தோட்டத்தில் இருந்தாள். சாத்திய அறைக்குள் டெட்டால் வாசனை பரவியது. கட்டிலை நோக்கி ஒரு செருப்புச் சத்தம்.

சரக். சரக்.

“திரும்பலாமுங்களா?”

இடுப்பில் ஐந்து விரல்கள் பதிந்தன. பனிக்கட்டிக் குளிர்.

அந்த இடத்தில்தான் அவனுக்கு உணர்வே கிடையாதே!

“போயிருங்க, அம்மணி...”

“நீங்கதான் வரலீங்க. நான் வாரேன்னா வருவனுங்க.”

செல்லாத்தாள் வந்து பார்த்துத் திகைத்தாள். “நீங்களேவா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தீங்க?”



நாலு மணிக்கு மறுபடி அந்த வாசனை. ஆறுக்கு மறுபடி.

எத்தனையோ வருசமாகிவிட்டது. அவன் முதுகில் இன்றுவரை ஒரு படுக்கைப்புண் இல்லை. இடுப்பில் மட்டும் ஐந்து விரல் தடம், நீலமாக. செல்லாத்தாள் தினமும் தேய்த்துக் கழுவுகிறாள். இரண்டு மணி நேரத்தில் புதிதாகப் பதிந்துவிடுகிறது.

நல்லா இருங்க, கண்ணுகளா. உங்கள் வீட்டில் வாரேன் என்று சொல்லிப் போனவர்களெல்லாம் உயிரோடு வந்து சேரட்டும்.