கீழே விழுந்தோர்: பூஜ்யம்

அந்த முதியோர் இல்லத்தின் நடைக்கூடத்தில் பிடித்து நடக்கக் கம்பி இல்லை. கணக்கு டீச்சர் உள்ளே நுழைந்ததும் முதலில் கவனித்தது அதைத்தான். இதற்கு முன் பதினோரு இல்லங்களை ஏறி இறங்கியிருந்தாள். எவ்வளவு மட்டமான இடமாக இருந்தாலும் இருபுறச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி ஓடும், கை பட்டுப் பட்டு அதில் பெயிண்ட் உரிந்திருக்கும். இங்கே சுவர் வெறுமனே கிடந்தது. தரையோ முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அவள் செருப்பே ஒருமுறை வழுக்கிவிட்டது.

சுத்தமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டு வந்து விழுந்தவள் இல்லை அவள். மாநிலத்தில் உள்ள இல்லங்கள் அத்தனையையும் அரசு வெளியிட்ட பட்டியலிலிருந்து எடுத்து, தாளில் கட்டம் போட்டுச் சல்லடையாகச் சலித்திருந்தாள். மாதக் கட்டணம், நர்சுகள் எத்தனை பேர், படுக்கைப் புண் எத்தனை பேருக்கு, வருஷத்தில் எத்தனை பேர் கீழே விழுந்தார்கள். கடைசிக் கட்டம்தான் அவளுக்கு உயிர். நாற்பது வருஷம் தெருத் தெருவாக நடந்து தபால் கொடுத்த அப்பா, இந்த வருஷம் மட்டும் மூன்று தடவை விழுந்துவிட்டார். மூன்றாவது தடவை, அவள் பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்திக்கொண்டிருந்த பகல் முழுதும் குளியலறைத் தரையில் நனைந்து கிடந்தார். "உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் கத்தலை பாப்பா" என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மற்ற இல்லங்களில் அந்தக் கட்டத்தில் பதினேழு, இருபத்தாறு என்று இருந்தது. இதில் மட்டும் பூஜ்யம். நாலு வருஷமாகப் பூஜ்யம். கட்டணமும் நடுத்தரம். வேறென்ன வேண்டும்? அன்று காலையில் அப்பாவை அவர் பெட்டியோடு கூட்டி வந்து, "இவர் விழவே கூடாது, எனக்கு அது போதும்" என்று சொல்லி, நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"சேர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பரிசோதனை இருக்கு" என்றாள் வார்டன் அம்மா. சிரித்த முகம், குழைவான குரல். "அரை மணி நேரம்தான். நீங்க அதுக்குள்ள சுத்திப் பாருங்க டீச்சர்."

அப்பா தன் நடையைப் பற்றி நர்சிடம் பெருமையடித்துக்கொண்டே விறுவிறுவென்று போனார்.

பெரிய கூடத்தில் இருபது நாற்காலிகள் ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு வயதானவர், ஒவ்வொரு மடியிலும் தரை வரை தொங்கும் அதே நீலப் போர்வை. பத்து மணி வெயில் அவர்கள்மேல் விழுந்தும் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. ஃபினாயில் நெடி மூக்கில் ஏறியது, அதற்கு அடியில், கறிக்கடையைத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகும் போகாமல் நிற்குமே, அந்த வாடை. மற்ற இல்லங்களில் காதைத் துளைக்கும் சத்தங்கள் எதுவும் இங்கே இல்லை. கைத்தடி தட்டும் ஓசை இல்லை. வாக்கர் உரசும் ஓசை இல்லை. செருப்பே இல்லை.

ஓரத்தில் இருந்த கிழவரிடம் குனிந்தாள். "தாத்தா, இங்க எப்படி இருக்கு?"

"யாரைச் சேர்க்க வந்தே?"

"எங்க அப்பாவை."

"நடப்பாரா?"

"நல்லா நடப்பார். அதுதான் பயமே."

கிழவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்க அவரு? இப்ப எங்க? கூட்டிட்டு ஓடிரும்மா."

போர்வையை விலக்கினார். பாதங்கள் ஈரத்துணி போலத் தொங்கின. குதிகாலுக்கு மேலே, நரம்பு இருக்க வேண்டிய இடத்தில், விரல் ஆழத்துக்குப் பள்ளம். கறுப்பு நூலில் தையல்.

அவள் பக்கத்துப் போர்வையை இழுத்தாள். அதே பள்ளம். அடுத்தது. அதே தையல். அதற்கடுத்ததில் தையல்கூட இன்னும் காயவில்லை.

நிற்க முடியாதவர்கள் எப்படி விழுவார்கள்?

"பாப்பா!"

பகல் முழுதும் நனைந்து கிடந்தும் கத்தாத மனிதர் கத்தினார்.

ஓடினாள். வழுக்கி விழுந்தாள். முட்டி பிளந்தது. எழுந்தாள். குரல் வந்த அறையின் கதவை உதைத்தாள். ஒன்று. இரண்டு. தாழ்ப்பாள் பிய்ந்தது.

அப்பா மேசைமேல் குப்புறக் கிடந்தார். முதுகில் ஒரு நர்ஸ். தொடைமேல் இன்னொருத்தி. வலது கால் ரத்தத்தில் துவண்டு கிடந்தது.

வார்டன் அம்மா கத்தியைத் துடைத்தபடி திரும்பினாள். முகத்தில் அதே சிரிப்பு. "ஒரு கால் முடிஞ்சுது டீச்சர். விழவே கூடாதுன்னு நீங்கதானே கேட்டீங்க?"

எஃகுத் தட்டு கையில் அகப்பட்டது. அந்தச் சிரிப்பின் மேலேயே வீசினாள். மூக்கெலும்பு நொறுங்கியது. மறுபடி வீசினாள். பற்கள் தரையில் தெறித்தன. ஒரு நர்ஸின் காதோடு சேர்த்து ஒன்று. இன்னொருத்தி சுவரோடு ஒதுங்கினாள். அப்பாவை இழுத்து முதுகில் போட்டுக்கொண்டாள். இதென்ன, இவ்வளவு லேசாகவா இருந்தார் இவர்? நடைக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

இருபது பேரும். முழங்கைகளை ஊன்றி, பளபளத்த தரையில், கால்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு.

"என்னையும் கூட்டிட்டுப் போம்மா."

"என்னையும்."

"விட்டுட்டுப் போயிடாதே தாயீ."

ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்தது. உதறினாள். இன்னொரு கை. உதைத்தாள். ஒரு கிழவியின் தாடை செருப்புக்கடியில் நெரிந்தது. பிடி தளரவில்லை. மறுபடி உதைத்தாள். ரத்தம் வழியும் வாயோடு கிழவி இரு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"உதைக்காதே பாப்பா" என்றார் அப்பா, காதோரம். "பாவம்."

பத்தடியில் வாசல். வெளியே வெயில். ஒரு காலைக்கூட அசைக்க முடியவில்லை.

பின்னால், அவசரமில்லாத காலடிச் சத்தம். வார்டன் அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தாள். நொறுங்கிய மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக டீச்சரின் பாதத்தில் விழுந்தது. இத்தனை கைகளுக்கு நடுவே விரலை நுழைத்து, டீச்சருடைய உடையின் ஓரத்தை அவள் பதமாக மடித்துக் குதிகாலுக்கு மேலே தூக்கினாள்.