தலைமாட்டு மெழுகுவத்தி

செல்போன் அலறியது...!

மாவு மில்லில் ராகி அரைபடும் இரைச்சல். இசபெல்லா மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். குரு. அவள் கணவன் விக்டரின் கேமராக்காரன்.

"அக்கா... நான் குரு..."

"சத்தமா பேசு தம்பி. மில்லு ஓடுது."

"அக்கா... விக்டர் அண்ணன் போயிட்டாருங்க்கா!"

"எங்க போனாரு?"

மறுமுனையில் ஒரு விம்மல்.

"செத்துட்டாருங்க்கா...!"

இசபெல்லா மில்லின் சுவிட்சை அணைத்தாள். கை தானாக அணைத்தது. கம்பைநல்லூரே அவளைச் சுற்றிச் சுழன்றது.

விக்டருக்கு ஒரு யூட்யூப் சேனல் இருந்தது. பாழடைந்த கோட்டை, கைவிட்ட சுரங்கம் என்று மனுஷன் எங்கே போகக் கூடாதோ அங்கேதான் போவான். போய்ப் படம் பிடித்துப் போடுவான். இந்த வாரம் ஈயக்கரடு. வெள்ளைக்காரன் காலத்தில் ஈயம் தோண்டிய மலை. ஈயம் தீர்ந்ததும் வெள்ளைக்காரன் நடையைக் கட்டினான். மலைக்குள் அவன் குடைந்த பொந்துகள் மட்டும் அப்படியே கிடந்தன.

"எப்பிடிடா...?"

"விஷக்காத்துங்க்கா. கீழ்க்குழில எறங்குனாரு. மயங்கி விழுந்துட்டாரு."

"போலீசுக்குச் சொன்னியா?"

"ஐயோ, வேணாங்க்கா! உள்ள போகக் கூடாதுன்னு ஃபாரஸ்ட்காரங்க போர்டு வெச்சிருக்காங்க. கேஸாயிரும். பாடிய அறுத்துக் கூறு போட்டுத்தான் குடுப்பாங்க. நாம ரெண்டு பேரும் மொதல்ல வெளிய தூக்கிருவோம். யாருகிட்டயும் சொல்லாம நீங்க மட்டும் வாங்க்கா."

காலையில் இட்லிக்குச் சட்னி சரியில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவன், மதியத்துக்குள் பாடி!

இசபெல்லா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் அழுதாள்.

ஈயக்கரட்டின் உச்சியில் அந்தக் காலத்துச் சுரங்கக் கூலிகளின் கல் வீடுகள் கூரையில்லாமல் நின்றன. இப்போது குடியிருப்பவர்கள் அதற்குக் கீழே, மாந்தோப்பை ஒட்டி. உச்சிக்கு ஆடு மேய்ப்பவர்கள்கூட வருவதில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் இடி உருண்டது.

மலைக்குள் போகும் சுரங்கக் குகையின், அந்தப் பொடவின் வாயில் குரு நின்றான். கண் சிவந்திருந்தது. ஹெல்மெட் ஒன்றை நீட்டினான். நெற்றியில் விளக்கு வைத்த ஹெல்மெட்.

"போட்டுக்கோங்க்கா. தலை இடிக்கும்."

இசபெல்லாவின் கால் நகரவில்லை.

பொந்து, குழி, கிணறு எதுவுமே அவளுக்கு ஆகாது. காரணம் அவள் அப்பா சவரிமுத்து. கிணறு வெட்டுகிறவர். இறங்குவதற்கு முன்னால் எப்போதும் ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் கெட்ட காற்று, இறங்கினால் சாவு. அதியமான்கோட்டைப் பக்கம் ஒருநாள் அவசரத்தில் விளக்கை விடாமல் இறங்கினார். ஏறவில்லை. அன்றிலிருந்து கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் சேந்தக்கூடப் பயப்படுவாள் இசபெல்லா. விக்டர் எத்தனை முறை கூப்பிட்டும் அவனோடு ஒரு சுரங்கத்தையும் அவள் எட்டிப் பார்த்ததில்லை.

இன்றைக்கு வேறு வழியில்லை. உள்ளே கிடப்பது தாலி கட்டினவன்.

"நீ முன்னால போ தம்பி. நான் வர்றேன்."

"நீங்க முன்னால போங்க்கா. நான் பின்னால புடிச்சுக்கறேன்."

"எனக்கு வழி தெரியுமாடா?"

குரு ஒரு நொடி தயங்கினான். பிறகு முன்னால் நடந்தான்.

குளிர்... ஈரம்... வௌவால் நாற்றம்! சுவரில் விளக்குப் பட்ட இடமெல்லாம் ஈயக்கல் பளிச் பளிச்சென்று மின்னியது. காலடியில் தள்ளுவண்டி ஓடிய பழைய தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்தது.

"ரொம்ப துடிச்சாரா குரு?"

"இல்லீங்க்கா. அப்பிடியே சாஞ்சிட்டாரு. நான் மூச்சப் புடிச்சுக்கிட்டு எறங்கிப் பாத்தேன். உசுரு இல்ல. அநாதையா வுட்டுட்டு வர மனசு வரலீங்க்கா. உங்க முறைப்படி தலைமாட்டுல ஒரு மெழுகுவத்தி ஏத்தி வெச்சுட்டுத்தான் வந்தேன்."

இசபெல்லாவுக்கு நெஞ்சு உருகிவிட்டது.

வேற்று ஜாதி, வேற்று சாமி. ஆனாலும் தலைமாட்டில் விளக்கு வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே இந்தப் பையனுக்கு!

பத்தடி நடந்தாள்.

உருகிய நெஞ்சு அப்படியே உறைந்தது.

நீ மூச்சைப் பிடிக்கலாம் குரு... மெழுகுவத்தி மூச்சைப் பிடிக்குமா?

"தம்பி..." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "மெழுகுவத்தி காத்துல அணைஞ்சிருக்குமே?"

"இல்லீங்க்கா. சும்மா நின்னு எரிஞ்சுது."

பொய்!

ஆளைக் கொல்லும் காற்றில் திரி எரியாது. திரி எரிகிற காற்றில் ஆள் சாகமாட்டான். அப்படியானால் விக்டரைக் கொன்றது காற்று இல்லை.

இவன்தான்!

திரும்பி ஓடிவிடலாம். இவன்தான் முன்னால் போகிறானே, இவள் பின்னால்தானே! ஓடினால் தப்பிக்கலாம்...

ஆனால் விக்டர்? உள்ளே நல்ல காற்று என்றால், அடிபட்டுக் குற்றுயிராகக் கிடக்கிறானோ என்னவோ! உயிர் இருந்தால்? இவள் ஓடிவிட்டால், இவன் திரும்பிப்போய் மிச்சத்தையும் முடித்துவிட்டால்?

ஓடவில்லை இசபெல்லா.

"வந்துருச்சுங்க்கா. பாத்து..."

தரை முடிந்தது. எதிரே ஒரு குழி. மூன்றாள் ஆழம். சுவரோடு ஒரு இரும்பு ஏணி. கீழே பாறையெல்லாம் கத்தி கத்தியாக நீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஓரமாக, விக்டர்.

மல்லாந்து கிடந்தான். கை நெஞ்சின்மேல். தலைமாட்டில் தரையில் மெழுகுவத்தி, குரு சொன்னபடியே நின்று எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க...!"

அலறல் மலைக்குள் நாலு பக்கமும் மோதித் திரும்பியது.

"கிட்ட வந்து குனிஞ்சு பாருங்க்கா. மொகம் தெரியும்."

குரு எப்போது பின்னால் வந்தான்...?

இசபெல்லா குனியவில்லை. சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். பாறைக்குள் அடித்திருந்த தண்டவாளத் துண்டு ஒன்று முளையாக நின்றது. அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"என்ன வுட்டுட்டுப் போயிட்டீங்களே... நான் என்ன பண்ணுவேன்..."

ஓலமிட்டாள். ஓலமிட்டபடியே கண்ணை மட்டும் விலக்காமல் கீழே பார்த்தாள். ரத்தம் இருக்கிறதா? காயம்? தலையில் அடியா, வயிற்றில் குத்தா?

ஒன்றுமில்லை.

ஆனால், விக்டரின் நெஞ்சு ஏறியது... இறங்கியது!

அப்பா சேசுவே! உயிர் இருக்கிறது!

சந்தோஷத்தில் கத்தப் போனாள். அப்போது இன்னொன்றையும் பார்த்தாள். கணுக்காலில் ஏதோ பூச்சி கடித்திருக்க வேண்டும். விக்டர் வலது கால் கட்டைவிரலால் இடது காலை நைசாகச் சொறிந்தான்.

பிறகு மறுபடியும் பிணமானான்!

வாயில் வந்த கத்தல் தொண்டையிலேயே செத்தது.

நடிக்கிறான். தாலி கட்டினவன் நடிக்கிறான்! எதற்கு? அவளை இங்கே வரவழைக்க. பிணத்தைக் காட்டினால் ஒழிய இவள் எந்தப் பொந்துக்குள்ளும் வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். குனிந்து பார்ப்பாள். பின்னால் நிற்பவன் ஒரு தள்ளு தள்ளுவான். விழுகிறவள் தன்மேல் விழக்கூடாது என்று எவ்வளவு கவனமாக ஓரத்தில் படுத்திருக்கிறான், பாவி!

மேலே மறுபடி இடி உருண்டது.

"அக்கா... எந்திரிங்க்கா. இப்பிடி வந்து பாருங்க."

"மாட்டேன். என்னால பாக்க முடியல."

"அட, வாங்கன்னா!"

குரு அவள் தோளைத் தொட்டான். இசபெல்லா முளையை இன்னும் இறுக்கினாள். பார்வை மட்டும் கீழே, விக்டரின் மேல். அவன் தலைமாட்டின் மேல்.

மெழுகுவத்தியின் சுடர்...

சின்னதாகியிருந்தது!

நிமிர்ந்து நின்று எரிந்த சுடர் இப்போது நெல்மணி அளவு. நீலம் பாரித்து, திரியை விட்டு எழும்பத் தவித்தது.

அப்பா சொல்வாரே... 'மழை மூட்டம் போட்டா கெணத்துல எறங்கக் கூடாது புள்ள. அடியில கெடக்கற கெட்ட காத்து மெல்ல மேல எந்திரிக்கும்.'

மேலே மூட்டம். கீழே, தரையோடு தரையாக, கண்ணை இறுக மூடிக்கொண்டு விக்டர்!

பேசாமல் இருந்தால் போதும்.

இன்னும் கொஞ்ச நேரம் ஓலமிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நடித்தவன் நிஜமாகவே போய்விடுவான். இவள் கை அழுக்காகாது.

ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள். வெட்கமில்லாமல் நினைத்தாள்.

அடுத்த கணம் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஏங்க! எந்திரிங்க! காத்து கெட்டுப்போச்சு!"

விக்டர் அசையவில்லை.

"நடிச்சது போதும்! நீங்க உசுரோட இருக்கறது எனக்குத் தெரியும்! மெழுகுவத்தி அணையப் போவுது, கண்ணத் தொறந்து பாருங்க! ஏணில ஏறுங்க!"

பிணம் இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொண்டது. 'போட்டு வாங்கப் பார்க்கிறாள்' என்று நினைத்திருப்பான் போல.

குருவின் முகம் மாறியது.

"தெரிஞ்சு போச்சா உனக்கு...?"

'ங்க்கா' போயே போய்விட்டது. பாய்ந்தான். அவள் விரல்களை முளையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். இசபெல்லா கடித்தாள். மணிக்கட்டில் பல் பதிய, எலும்பு தட்டுப்படுகிற வரைக்கும் கடித்தாள்.

"ஆ...! வுடு!"

"குரு, கீழ பாருடா! சுடர் சாகுதுடா! அவரு செத்துருவாருடா!"

"காத்துல ஆடுது! வேற ஒண்ணும் இல்ல!"

"ஆடறதுக்கு இங்க காத்து ஏதுடா...!"

குரு நிமிர்ந்தான். நின்றான். உண்மைதான். அவன் நெற்றியில் வழியும் வியர்வையைக்கூட ஒரு சின்னக் காற்று தொடவில்லை.

கீழே பார்த்தான்.

சுடர் ஒரு தடவை துள்ளியது.

அணைந்தது.

"ஏங்க...!" என்று இசபெல்லா போட்ட சத்தத்தில் வௌவால்கள் கலைந்து பறந்தன. அவள் நெற்றி விளக்கு விக்டரின் முகத்தில் விழுந்தது. வாய் திறந்திருந்தது. மீன் மாதிரி இரண்டு முறை திறந்து மூடியது. கால் ஒன்று உதறியது. நெஞ்சின்மேல் கோத்திருந்த கை பிரிந்து, பக்கத்தில் சரிந்தது.

"அண்ணே..." குருவின் குரல் உடைந்தது. "போதும்ணே... எந்திரிங்கண்ணே... அண்ணே!"

சரிந்த கை சரிந்த இடத்திலேயே கிடந்தது.

குரு ஏணியை நோக்கி ஓடினான். இசபெல்லா அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"வுடுங்க்கா!"

"எறங்குன, நீயும் பொணம்டா! எங்கப்பனத் தூக்க எறங்குன ஆளும் அப்பிடித்தான்டா செத்தான்! வெளிய ஓடு! ஆளுங்களக் கூப்பிடு!"

ஓடினார்கள். கொல்ல வந்தவனும் தப்பித்தவளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு.

மாந்தோப்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பச்சை மாங்கிளைகளை ஒடித்துக் கயிற்றில் கட்டி, குழிக்குள் மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் முகமூடியோடு இறங்கினார்கள். விக்டரை மேலே கொண்டுவந்தபோது மழை கொட்டியது.

விக்டர் இந்த முறை நடிக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் அமுதவல்லி ஜீப்பில் உட்கார்ந்தபடி குருவை விசாரித்தாள். அடிக்கவே தேவைப்படவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே கொட்டினான்.

"மொரப்பூர்ல ஜெயராணின்னு ஒரு பொண்ணுங்க மேடம். அண்ணனுக்கும் அவங்களுக்கும் பழக்கம். மாதா கோயில்ல பூசை வெச்சு ஊரறியக் கல்யாணம் பண்ணுனாத்தான் ஆச்சுன்னு அவங்க வூட்ல கண்டிசன்."

"இவங்கள டைவர்ஸ் பண்ணிட்டுப் பண்றதுதானே?"

"கோர்ட்டு குடுக்குமுங்க. கோயில்ல செல்லாதாமுங்க. மொத சம்சாரம் உசுரோட இருக்கறப்ப சாமியார் ரெண்டாவது தாலியத் தொடவே மாட்டாராம். பொண்டாட்டி செத்தவன்னா மட்டுந்தான் பண்ணி வெப்பாங்களாம்."

"அதனால பக்தியா கொலை பண்ணக் கெளம்பிட்டீங்க. உனக்கு என்னடா லாபம்?"

குரு தலையைத் தொங்கப் போட்டான்.

"சேனல என் பேருக்கு மாத்தித் தர்றேன்னாருங்க மேடம்."

அமுதவல்லி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு இறங்கினாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்த இசபெல்லாவிடம் வந்தாள். இசபெல்லா அழுதுகொண்டிருந்தாள். தன்னைக் கொல்லப் பார்த்தவனுக்காக எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. அழுகை நிற்கவுமில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்மா. நீங்க அவர எச்சரிச்சதா குரு சொல்றான். நெசமா?"

"நெசந்தாங்க மேடம். தொண்ட கிழியக் கத்துனேன். எந்திரிங்க, காத்து கெட்டுப்போச்சு, ஏறி வாங்கன்னு."

"காதுல விழற தூரந்தான். ஆளும் முழிச்சுட்டுத்தான் இருந்திருக்காரு. அப்புறம் ஏம்மா எந்திரிக்கல?"

இசபெல்லா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து, நான் சொன்ன எதைங்க மேடம் அந்த மனுசன் கேட்டாரு...?"