எண்ணி வைத்தவள்

செத்த செல்கள் புதிதாக எதையும் செய்வதில்லை. அதனால்தான் காலையில் இருநூற்றுப் பன்னிரண்டாக இருந்த மஞ்சள் புள்ளிகள் மதியம் மூன்று மணிக்கு இருநூற்றுப் பத்தொன்பதாகிவிட்டதை அவன் முதலில் தன் கண்ணின் பிழை என்றே எடுத்துக்கொண்டான்.

நுண்ணோக்கி அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே இருட்டுதான். லேசர் பெட்டியின் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, திரையின் வெளிச்சம் அவன் கையுறைகளின் மீது மட்டும் நீலமாய்ப் படிந்திருக்க, ஃபார்மலின் நெடி தொண்டைக்குள் மெல்லிய உலோகச் சுவையாய் இறங்கிக்கொண்டிருந்தது. நுண்ணோக்கியின் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்ணாடி ஸ்லைடுகள். ஒன்றில் அக்காவின் தோலிலிருந்து வளர்த்தெடுத்த மூளைச் செல்கள். மற்றதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அவனுடையவை. நேற்றே ஃபார்மலினில் ஊறவைத்துக் கொன்று சாயமேற்றியாயிற்று. செய்தி அனுப்பும் முனை சிவப்பு, வாங்கும் முனை பச்சை, இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் மஞ்சள். ஒரு மஞ்சள் புள்ளி என்றால் ஓர் இணைப்பு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பும் இதே அறை, இதே கணக்கு. சில வாரச் சிகிச்சைக்காக மனநல விடுதியில் சேர்ந்திருந்த அக்காவை வீட்டுக்கு அனுப்பலாமா என்று மருத்துவர்கள் யோசித்துக்கொண்டிருந்த சமயம். எது யாருடையது என்று தெரியாமலேயே எண்ணி முடித்து, பெயர்ச் சீட்டுகளை மூடியிருந்த உறையை அவன் பிரித்தபோது, புள்ளிகள் குறைந்து பொட்டலாய்க் கிடந்த ஸ்லைடு தன்னுடையது என்று தெரிந்தது. இரண்டு சீட்டுகளையும் உரித்து மாற்றி ஒட்ட ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. கட்டுரை வந்தது, பதவி வந்தது. இந்த மூளையில் இணைப்பு உருவாகாது, ஆள் இனித் தேறாது என்று அவன் எழுதிக் கொடுத்த கடிதத்தை நம்பி விடுதி அவளை வைத்துக்கொண்டது. மூன்று மாதங்களுக்கு முன் அங்கேயே செத்துப்போனாள்.

அதற்குப் பிறகுதான் விடுதி மருத்துவரின் கடிதம் ஆய்வக இயக்குநருக்கு வந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பெண்ணிடம் நோயின் சாயலைக்கூடப் பார்க்கவில்லை; தினமும் காலையில் வாசலில் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்: ‘எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், என் தம்பி வந்து சொல்லுவான்.’ அந்தத் தம்பி ஒருமுறைதான் வந்தான். அவளைப் பார்க்காமலேயே திரும்பிப்போனான்.

மறுபடி எண்ணும்படி இயக்குநர் உத்தரவிட்டார். உறைபெட்டியிலிருந்த பழைய குப்பிகளில் பெயர்கள் சரியாகவே இருந்தன. அவற்றையும் மாற்றிவைக்க அன்று அவனுக்குத் தோன்றவில்லை. அவற்றிலிருந்து செல்களைப் புதிதாய் வளர்த்தவர் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன். ஒரு புள்ளியையும் தப்பவிடமாட்டார் என்பதால் எல்லாருக்கும் அவர் கணக்கம்மா.

“என்ன சார், சாப்பாட்டுல கையே வைக்கல? நாலு மணிக்கு நான் எண்ண வரும்போது உங்க வயிறுதான் லேசரை விடச் சத்தம் போடப்போகுது” என்றார் மதியம்.

“பசியில்ல மேடம். முன்னாடி போய் ஃபோகஸ் வச்சுடறேன்.”

“வைங்க, வைங்க. ஸ்லைடை மட்டும் தொடாதீங்க. எனக்கு மூக்குல வேர்த்துடும்.”

நான்கு மணிக்குள் சீட்டுகள் மறுபடி இடம் மாற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அக்காவின் ஸ்லைடை இன்னொருமுறை எண்ணினான். இருநூற்று முப்பத்தொன்று.

நெடி மாறியிருந்தது. ஃபார்மலின் இல்லை இது. ஈரத் தரையில் துடைத்துவிட்ட பினாயில், அவன் பாதியில் திரும்பிய அந்த விடுதித் தாழ்வாரத்தின் பினாயில். விசிறியின் இரைச்சலுக்கு அடியில், உதடு பிரியாமல் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு. முப்பத்திமூணு. அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு அக்காவைக் கைகாட்டினான். அடி வாங்கிய கன்னத்தோடு அன்று அவன் காதருகே குனிந்து, அழாமல், சொன்னாள்: “எண்ணி வச்சுக்கறேன்டா.”

அவன் தன் ஸ்லைடுக்கு நகர்ந்தான். காலையில் நாற்பத்தொன்று. இப்போது முப்பத்தெட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று அணைந்தது.

சீட்டை உரிக்க எடுத்த கருவி கையில் இருந்தது. இரண்டு கால், மெலிந்த முனை. அதன் பெயர் வரவில்லை. நாக்கின் நுனியில்கூட இல்லை. அந்தப் பெயர் இருந்த இடமே இல்லை.

இன்னொன்று அணைந்தது. கதவு எந்தப் பக்கம்?

இரண்டு சீட்டுகளையும் உரித்தான். ‘தம்பி’ என்ற சீட்டை நிறைந்து ஒளிர்ந்த ஸ்லைடில் ஒட்டினான். ‘அக்கா’ என்ற சீட்டைத் தன்னுடையதில் அழுத்தினான்.

எண்ணிக்கொண்டிருந்த குரல் நின்றது.

விசிறியும்.

பிறகு புள்ளிகள் ஐந்தைந்தாய் அணைந்தன. வீட்டுக்குப் போகும் தெரு. அம்மாவின் முகம். இந்த அறை எதற்கு. ஏன் அவசரம். தன் பெயர். திரையில் சிவப்பு தனியாக, பச்சை தனியாக. எதுவும் எதையும் தொடவில்லை.

ஒன்றே ஒன்று மிச்சம். மஞ்சள்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் யாரோ ஒரு பெண்.

“சார்? என்ன இப்படி நிக்கறீங்க? ஸ்லைடைத் தொட்டீங்களா?”

அவன் வாய் திறந்தது. மிச்சமிருந்த ஒன்று வெளியே வந்தது, பணிவாக, பழகிய குரலில்.

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். என் தம்பி வந்து சொல்லுவான்.”

 கணக்கம்மாவின் பார்வை அவனைத் தாண்டி மேடையில் நின்றது. அங்கே நிறைந்த ஸ்லைடின் விளிம்பிலிருந்து, மயிரிழையிலும் மெல்லிய மஞ்சள் நூல் ஒன்று இடைவெளியைக் கடந்து, அடுத்த கண்ணாடியின் மேல் ஏறிப் படர்ந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அவர் உதடுகள் எண்ணத் தொடங்கின.

எண்ண எண்ண அது வளர்ந்தது.