நாற்பது விநாடி மௌனம்

பதிவு செய்தபோது வீட்டில் எந்தக் கதவும் திறக்கவில்லை. அதில் சேசுராஜுக்குச் சந்தேகமே இல்லை. தரையில் பாயை விரித்து, மைக்கை எதிரே நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தான். இப்போது டேப்பைப் பின்னுக்குச் சுற்றி ஹெட்போனில் கேட்டால், வீட்டின் கோடியில் எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகியது. கனத்த தேக்குக் கதவு ஒன்று முனகிக்கொண்டே திறந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தான். எலி தாழ்ப்பாள் திறக்குமா என்று அவனுக்குள்ளேயே ஒருத்தன் கேட்டான். 

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளில் அதுவும் ஒன்று. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். காவலுக்கு இருந்த பெரியகருப்பன் முன்கதவைத் திறந்துவிட்டு, பள்ளத்தூர் போய்ச் சின்னத்தாயியையும் அவள் மகளையும் வரச் சொல்லிவிட்டு, அப்படியே தன் வீட்டில் சாப்பிட்டு வருவதாகச் சைக்கிளில் போயிருந்தார். மணி மூன்றரை. ஐப்பசி மேகம் கவிந்து, திறந்த முற்றத்தின் மேல் வானம் சாம்பலாக நின்றது. முற்றத்தைச் சுற்றிப் பத்து அறைகள். பத்துக்கும் பித்தளைப் பூட்டு. பூட்டுகள் தொங்குவதைச் சேசுராஜ் உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பித் திரும்பி எண்ணிப் பார்த்துக்கொண்டான்.

வானொலியில் அவன் வேலை, பத்திரிகையில் நாலு வரியில் முடிந்துபோகும் உலகச் செய்திக்குப் பின்னால் யாருடைய வீட்டில் உலை கொதிக்காமல் போனது என்று தேடிப் போய், அவர்களையே பேசவைத்துக் கால்மணி நேரத்துக்குள் அடக்குவது. பேச்சு பதிந்த டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டும்போது நடுவில் ஒரு பள்ளம் விழும். அதை அந்த இடத்தின் மௌனத்தை வைத்தே நிரப்ப வேண்டும். ஒரு வீட்டு மௌனம் இன்னொரு வீட்டுக்கு ஒட்டாது. அதனால் போகிற இடத்தில் எல்லாம் ஒரு நிமிட மௌனத்தைத் தனியாகப் பிடித்துக்கொள்வான். போன வருஷம், பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம்மவர்களைக் கப்பலேற்றிய செய்திக்காகச் சின்னத்தாயியைப் பேசவைத்ததும், சந்தடி இல்லாத இடம் என்று, இதே வீட்டில்தான்.

அவள் கதை இதுதான். ரங்கூன் துறையில் சோதனைக்கு நின்ற கூட்டத்தில் ஐந்து வயது அழகி கை நழுவிப்போனாள். தேடிக் கூட்டிவருகிறேன், நீ ஏறு என்று புருஷன் உடையப்பன் திரும்பிப் போனான். கப்பல் நகர்ந்துவிட்டது. அரைநாள் கழித்துப் பார்த்தால், பிள்ளை அதே கப்பலின் அடித்தட்டில் வேறொரு குடும்பத்தோடு தூங்கிக்கொண்டிருக்கிறது. புருஷன் இருந்த வீடும் போச்சு, கடையும் போச்சு. கடிதம் போட விலாசம் இல்லை. ஆனால் ரங்கூன் டீக்கடைகளில் தமிழ் நிகழ்ச்சி கேட்பார்கள். அதற்காகத்தான் அவள் பேச வந்தாள். வேறு எதற்காகவும் இல்லை.

"அழகி அப்பா, புள்ள தொலையல," என்று மைக்கைப் பார்த்துச் சொன்னாள். "கப்பல்லயே இருந்துச்சு. எங்கிட்டதேன் இருக்கா. நீங்க அங்குட்டுத் தேடாதீக. வந்துருங்க."

நாற்பது விநாடி. நடுவில் காக்கை கரைந்துவிட்டது என்று இரண்டாம் தடவை சொல்லச் சொன்னான். அழுகை சரியாக விழவில்லை என்று மூன்றாம் தடவையும் கேட்டான். பிறகு நிகழ்ச்சி நீண்டுவிட்டது. பிள்ளை கிடைத்துவிட்டது என்றால் கேட்கிறவனுக்கு நெஞ்சு இளகாது என்று மேலதிகாரி சொன்னார். சேசுராஜ் அந்த நாற்பது விநாடியை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டான். "அழகி அப்பா" என்ற விளி மட்டும் நின்றது. அதன் பின்னால் இந்த வீட்டு மௌனத்தை ஒட்டி, அதன் பின்னால் அவள் அழுகையை ஒட்டினான். நல்ல பெயர் கிடைத்தது. கைகுலுக்கினார்கள்.

"நாஞ் சொன்னதப் போட்டீகளாய்யா?" என்று பிறகு ஒருநாள் அவள் கேட்டாள். போட்டேன் என்றான். பர்மா வரைக்கும் கேட்டிருக்கும் என்றான். காளையார்கோவிலில் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன், இதை மட்டும் குருவானவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் முன்னால் தலை நிமிர்த்தி உட்கார முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

இப்போது அவன் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. மூன்று வாரமாக இருந்தது. ரங்கூனில் டீக்கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் வானொலி நிலையத்துக்கு எழுதியது. உடையப்பன் என்று ஓர் ஆள் தினமும் துறைமுகத்தில் கதவு கதவாகத் தட்டிப் பிள்ளையைத் தேடுவான். உங்கள் நிகழ்ச்சியில் மனைவியின் குரல் வந்ததும் எழுந்து நின்றான். குரல் அறுந்த இடத்தில் ரேடியோவில் காதை ஒட்டிவைத்து, "புள்ள இதுக்குள்ளதேன் இருக்கா" என்று சொன்னான். அன்று சாயங்காலம் ஆற்றுப் படித்துறையில் இறங்கியவன் மூன்றாம் நாள்தான் கிடைத்தான் என்று எழுதியிருந்தார்.

இதைச் சின்னத்தாயியிடம் சொல்லத்தான் வந்திருக்கிறான். அப்படியானால் டேப் ரிக்கார்டர் எதற்கு? அவளிடம் கடிதத்தைப் படிக்கும்போது அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். முடியாது என்று சேசுராஜ் சொல்லவில்லை. மைக்கை அவள் உட்காரும் இடத்துக்கு நேராக வைத்திருந்தான். இன்னொரு வெட்டுக்கு வேண்டிய மௌனத்தையும் எடுத்துக்கொண்டிருந்தான். தன்னை நினைத்தால் அவனுக்கே கூசியது.

மௌனத்தை மறுபடி எடுத்தான். ஒரு நிமிடம். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வௌவால் நாற்றமும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் மட்டும்.

டேப்பைத் திருப்பிக் கேட்டான். ஒரு கதவு. பிறகு இரண்டாவது. இரண்டாவது முதலாவதைவிடக் கிட்டத்தில் இருந்தது. திறந்த அறைக்குள் யாரோ நின்று, மூச்சு வாங்கி, மூலை மூலையாகப் பார்த்துவிட்டுத் திரும்பும் காலடி. ஈரக் கால். கல்தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான். பத்துப் பூட்டும் அப்படியே தொங்கின.

மூன்றாம் தடவை எடுக்காமல் எழுந்து போயிருக்கலாம். சின்னத்தாயி வருவாள், மைக்கை மூட்டை கட்டிவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் ஒலியை வைத்துப் பிழைக்கிறவனுக்கு, கேட்காமல் விடுவது கேட்பதைவிடப் பயமாக இருந்தது. பொத்தானை அழுத்தினான். இந்தத் தடவை மூன்று நிமிடம் ஓடவிட்டான். சுற்றினான். கேட்டான்.

மூன்றாவது கதவு. நான்காவது. ஐந்தாவது. ஒவ்வொன்றும் திறந்த பிறகு ஒரு குரல், வெகுநாள் கத்திக் கத்திக் கம்மிப்போன குரல், அறைக்குள் கூப்பிட்டது.

"அழகி."

பதிலுக்குக் காத்திருந்தது. நாற்பது விநாடி இருக்கும். பிறகு அடுத்த கதவு.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். சத்தம் நிற்கவில்லை. ஆறாவது கதவு முற்றத்துக்கு அந்தப்பக்கம் முனகியது. பூட்டு அசையவில்லை. கதவு அசையவில்லை. திறக்கும் ஓசை மட்டும். வெளியே மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் சரம் சரமாக இறங்கியது. மழை வாசனை வரவில்லை. ஆற்றுச் சேறு நாறியது. அழுகிய மீன், கப்பல் எண்ணெய்.

ஏழு.

"அழகி."

 பாயிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகினான். ஜெபம் வாயில் வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

எட்டு. ஒன்பது.

பத்தாவது அறை அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

முனகல். நீர் சொட்டும் சத்தம். ஈரக்கால் வெளியே வந்தது. நின்றது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. ஆனால் பிள்ளை தேடுகிறவன் இருட்டில் கையைத் தாழ்த்தித் துழாவுவான் அல்லவா, அப்படி ஒரு கை, இடுப்பு உயரத்தில், காற்றைத் தடவித் தடவி வந்தது. தரையில் உட்கார்ந்திருந்த சேசுராஜின் தலை, ஐந்து ஆறு வயதுப் பிள்ளையின் உயரத்தில் இருந்தது.

சில்லென்ற உள்ளங்கை உச்சியில் பட்டது. நிதானமாகத் தடவியது. அத்தனை வாஞ்சை. நெற்றிக்கு இறங்கியது. கன்னத்துக்கு. காதோரத்தில் ஊறிப்போன விரல்கள் நின்றன.

"அழகியா?"

"நா இல்ல," என்றான் சேசுராஜ். குரல் கீச்சென்று வந்தது. "புள்ள தொலையல. அவ அம்மாட்டதான் இருக்கா, பள்ளத்தூர்ல. இங்குட்டுத்தான் வந்துக்கிட்டிருக்கா. ரோட்டுல போய்ப் பாருங்க."

கை எடுபட்டது.

ஈரக்காலடி முற்றத்தைத் தாண்டி, முன்கட்டைத் தாண்டி, வாசலுக்கு ஓடியது. தகப்பன் ஓடுகிற ஓட்டம். சேசுராஜ் மூச்சு விட்டான். உயிர் தப்பினோம் என்று ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஒரு வருஷத்துக்கு முன் உயிரோடு இருந்தவனிடம் போய்ச் சேர வேண்டிய வார்த்தை. அன்று அதை வெட்டி எறிந்துவிட்டு, இன்று தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளச் செத்தவனிடம் சொல்லியிருக்கிறான்.

தடுக்கி விழுந்து எழுந்து வாசலுக்கு வந்தான்.

நேரான செம்மண் சாலை. அடைமழை. கோடியில் சின்னத்தாயி கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மகளைக் கையில் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள். இங்கிருந்து அவர்களை நோக்கி, மழைக்குள், மழை விழாத ஓர் இடம் போய்க்கொண்டிருந்தது. ஓர் ஆள் உயரம். ஓர் ஆள் அகலம். தோளும் தலையும் தெரியும்படி நீர் ஒதுங்கி வழிந்தது.

"வராதீங்க! திரும்பிப் போங்க!" என்று கத்தினான். மழை அதை வாங்கிக்கொண்டது. சின்னத்தாயி இவனைக் கண்டுகொண்டு, நல்ல சேதி சொல்லத்தான் ஐயா வாசலுக்கே வந்துவிட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, முகம் மலர நடையை எட்டிப் போட்டாள்.

அழகி நின்றாள். எதிரே நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் கையை விட்டுவிட்டு, சாலையை விட்டு, நீர் நிறைந்து கிடந்த ஊருணிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். ஒரு கையை மேலே தூக்கி, எதையோ இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை.