சுங்கச்சாவடிக் கிழவன்

இருமல் சத்தம் கேட்டது. அவள் இன்னும் வாயைத் திறக்கவேயில்லை.

"வந்துட்டாருய்யா பெரிய மனுஷர்!" என்று தம்பி சிரித்தான்.

மழை ஜன்னல் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்த அந்த ஞாயிறு மாலையில், ஈரக் குடைகளும் ஆறிப்போன காபியும் கலந்து வாடை வீசிய அறையில், பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டில் மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கதை நடத்துபவள் அவள். தம்பியும் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரும் கதைக்குள் போகும் வீரர்கள். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு சுங்கச்சாவடி, அதில் இருமிக்கொண்டு அதே கிழவன்; இருமலும் குரலும் அவள் போடுவது. சிதறிக் கிடந்த கதையை ஒன்றாகக் கோத்தவன் அவன்தான். தம்பிக்கோ அவன் கழுத்தை நெரிப்பதில்தான் குஷி. ஒவ்வொரு ஊரிலும் கொன்றான். அவளும் வீம்புக்கு, ஒரு காரணமும் சொல்லாமல், அடுத்த ஊரில் கிழவனைத் திரும்ப உட்காரவைத்தாள்.

"இந்தக் கிழத்துக்குச் சாவே கிடையாதாக்கா? இன்னைக்கும் நெரிக்கிறேன் பாரு." பகடை உருண்டது. ஆறு. கிழவன் செத்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வாரம் மண்டையை உடைத்துக் கட்டிய கதை, பாழாய்ப் போறவன்! கத்தத்தான் வாயெடுத்தாள். வந்தது கிழவனின் குரல்.

"எத்தன தடவடா நான் சாவேன்?"

மருந்துக்கடைக்காரர் கைதட்டினார். "அடேயப்பா! நிஜக் கிழவன் தோத்தான் போம்மா!"

அவள் போடும் குரல் இல்லை அது. தொண்டைக்குள் மக்கிய துணி நாற்றம். நாக்கு தானாகப் புரண்டது. நெஞ்சில் கொதித்த கோபம்கூட அவளுடையதாக இல்லை.

"இவன் கொல்லுவான். இவ எழுப்புவா. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்த மேசையில இவ வாய் சொன்னா நடக்கும், அதானே சட்டம்? இப்ப நான் சொல்றேன். இவன் மூச்சு நின்னுபோச்சு."

தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"டேய், நடிக்காதடா," என்றார் மருந்துக்கடைக்காரர். நாற்காலி சாய எழுந்தார். தம்பியின் மூக்கருகே விரலை வைத்தார். விரலில் காற்றே படவில்லை.

சொல்லிவிடு, என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். மூச்சு வந்தது என்று சொல். ஒரே வரி.

அவளுக்குப் பல் கிட்டித்துவிட்டது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை.

தம்பி சரியவில்லை. சாகவுமில்லை. உதடு நீலம் பாரிக்க, நிமிர்ந்து உட்கார்ந்து, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.