விடாத பிடி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் பெரியவர், அவர் மனைவி, மாப்பிள்ளை, பெட்டியோடு வந்த சிப்பாய். பெட்டிக்குள் இருந்த மகனையும் சேர்த்து ஐந்து பேர் என்று சொல்லப் பெரியவருக்கு நா எழவில்லை. வாசலில் தூக்கி இறக்கியபோது பெட்டி அவ்வளவு லேசாக இருந்தது.

போர்க்காலம். வெளிச்சம் வானத்துக்குத் தெரியக் கூடாதென்று சன்னல்களில் ஒட்டிய கறுப்புத் தாள் பிற்பகலையே இருட்டாக்கியிருந்தது. புது மரத்தின் மணத்துக்கு அடியிலிருந்து பெட்ரோலும் கருகிய ரப்பரும் கலந்த நெடி கிளம்பி, சுவரோரமாக ஊர்ந்து வந்து, பெரியவரின் சலவைச் சட்டையில் படிந்தது.

"கடைத்தெருவுல ஒரு மாதிரி பேசுறாங்க மாமா," என்றார் மாப்பிள்ளை. "பயிற்சி விமானம் விழும்போது, வாத்தியாரை விட்டுட்டு நம்ம மச்சான் மட்டும் குதிச்சு ஓடிட்டானாம். பெட்டிக்குள்ள வெறும் மணல்தானாம்."

"என் பிள்ளையா? வாயைக் கழுவிட்டு வந்து பேசுங்க."

போன விடுமுறையில் இதே கூடத்தில், குடையை ஓட்டும் தண்டுபோல முழங்கால்களுக்கு நடுவே நட்டு மகன் விமானம் ஓட்டிக் காட்டியிருந்தான். "மூக்கு கீழ போனா இதை இழுத்துப் பிடிக்கணும்ப்பா. முடியலைன்னா குதிச்சிடலாம்."

"குதிக்கிறதெல்லாம் நம்ம வம்சத்துல கிடையாது. என்ன ஆனாலும் பிடிச்சதை விடாதே."

"சரிப்பா."

கிறீச்.

பெட்டிப் பக்கமிருந்து வந்த சத்தத்தில் மனைவி தலை நிமிர்ந்தாள். "கேட்டுச்சாங்க?"

"புது மரம். காயுது."

கிறீச். நின்றது. மறுபடியும். கனமான எதையோ யாரோ மெல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பதுபோல. பெட்டி கிடந்த பெஞ்சு நடுங்கியது.

"திறய்யா," என்றார் பெரியவர் சிப்பாயிடம்.

"திறக்கக் கூடாதுன்னு உத்தரவுங்க ஐயா."

"என் வீட்டு மானம் உள்ள கிடக்கு."

பெரியவரே திருப்புளியை எடுத்தார். ஒரு திருகாணி. கிறீச். இன்னொன்று. கிறீச். உள்ளிருந்து பதில். ஒவ்வொன்றுக்கும்.

மூடி விலகியது. மனைவி எட்டிப் பார்க்குமுன் உடம்பால் மறைத்துக்கொண்டார்.

"இருக்கானா?"

பெரியவர் பெட்டிக்குள் குனிந்தார். அவர் குரல் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"போதும்ப்பா... விட்டுடு."

பெட்டி காலியாக இருந்தது என்று இன்றும் தெருவில் சொல்கிறார்கள். பொய். இரண்டு கைகள் இருந்தன. மணிக்கட்டு வரை. கருகி, ஓர் இரும்புத் தண்டை இறுகப் பற்றியபடி.

இழுத்துக்கொண்டிருந்தன.